குப்பத்துக் கூம்பும் மார்ஷல் பெட்டியும்

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாட்களில், பழவேற்காட்டை அடுத்த லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் நிற்பவர்களுக்கு முதலில் கிடைப்பது வெளிச்சம் மட்டுமே. வடக்கே ஏரிக்கு அப்பால் நெருப்பு எழும், புகைக்கோடு கடல் பக்கம் சாயும், ராக்கெட் மேகத்துக்குள் போய் மறைந்தும் விடும். சத்தம் இன்னும் வந்திருக்காது. ஏவுதளத்துக்கும் இந்தக் கரைக்கும் இடையில் ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தூரம். வெக்கையான கடலோரக் காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். வகுத்துப் பார்த்தால் 100 விநாடி. அப்படித் தாமதித்து வந்து சேர்வதும் அங்கே கிளம்பிய சத்தம் அல்ல. ஏவுதளத்தின் அருகே அது சீற்றமும் படபடவென்ற வெடிப்புமாக இருக்கும். குப்பத்துக்கு வருவது நெஞ்சில் உணரும் உறுமல் மட்டும்.

மீதியை எடுத்துக்கொண்டது காற்று. 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 8000 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து கிலோமீட்டருக்குச் சுமார் 60 டெசிபலை உறிஞ்சிவிடும். 1000 ஹெர்ட்ஸ் ஒலி அதே தூரத்தில் 7 டெசிபல் இழக்கும். 63 ஹெர்ட்ஸ் இழப்பது 0.1 டெசிபல்தான். தூரம் கூடக் கூட ஒலி பரவி மெலிவது தனிக் கணக்கு. ஆகவே 35 கிலோமீட்டர் கடந்த பிறகு டிரெபிளில் எதுவும் மிஞ்சாது. பேஸ் மட்டும் ஏரியைத் தாண்டி வரும்.

ஒலி எதன் வழியாகப் போனாலும் அது தன் முத்திரையைப் பதிக்காமல் ஒலியை வெளியே விடுவதில்லை. காற்று ஆனாலும் சரி, கோட்டைச் சுவர் ஆனாலும் சரி, காகிதக் கூம்பு ஒட்டிய மரப்பெட்டி ஆனாலும் சரி. எலக்ட்ரிக் கிட்டாரின் தொண்ணூறு ஆண்டுக்கும் மேலான வரலாற்றில் பாதி, அந்தப் பெட்டியின் முத்திரையைப் பற்றியதுதான். பெட்டியே இல்லாமல் அந்த முத்திரையை மட்டும் ஒரு சின்னக் கோப்பில் அடைத்து எடுத்துப்போக முடிகிறது என்பது, என் பார்வையில், நம் காலத்து இசைக் கருவியியலின் மிக அழகான சாதனை. அது எப்படி நடக்கிறது என்பதையும், அதைக் கொண்டு நம் ஊர் செய்ய வேண்டிய ஒரு வேலையையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பெரும்பாலான எலக்ட்ரிக் கிட்டார்களுக்கு ஒலிக்கூடு கிடையாது. எஃகுக் கம்பி அதிர்கிறது; அதன் அடியில் இருக்கும் காந்தச் சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது; ஆம்ப் அதைப் பெருக்குகிறது. அந்த மின்னழுத்தத்தை நேராக மிக்ஸரில் செருகிக் கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். சுத்தமான ஒலியில் மீட்டினால் உயிரில்லாத கம்பிச் சத்தம். டிஸ்டார்ஷன் ஏற்றி மீட்டினால் காதைக் குத்தும் கரகரப்பு. காரணம் எளிது. கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது; 24ஆம் கட்டையில் மெல்லிய கம்பி தருவது 1319 ஹெர்ட்ஸ். ஸ்வரங்களின் அடிப்படை அதிர்வுகள் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். ஆனால் ஆம்ப் அலையின் தலையைச் சீவும்போது புதிய மேல்சுரங்கள் 10,000 ஹெர்ட்ஸைத் தாண்டியும் கிளம்புகின்றன. கரகரப்பு என்று நாம் கேட்பது அவற்றைத்தான்.

அவற்றை வெட்டுவது ஸ்பீக்கர். கிட்டார் ஆம்புக்கு வரும் 12 அங்குல ஸ்பீக்கரில் டிரெபிளுக்கென்று தனிச் சிறு ஸ்பீக்கர் கிடையாது. இங்கிலாந்தின் செலஸ்டியன் நிறுவனம் செய்யும் ஜி12எம் என்ற ஸ்பீக்கரை, அதன் பின்மூடியின் பச்சை நிறத்தால் கிரீன்பேக் என்பார்கள். அது கையாளும் எல்லையாக நிறுவனமே சொல்வது 75 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. அதற்கு மேலே ஒலி செங்குத்தாகச் சரிந்துவிடும். எல்லைக்குள்ளேயும் அது சமமாகப் பாடுவதில்லை. 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையில் ஒரு மேடு இருக்கும். அந்த அதிர்வெண்களில் காகிதக் கூம்பு முழுத் தகடாக முன்பின் போகாமல் பகுதி பகுதியாக நெளிகிறது. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அதே இடத்தில்தான். ராக் இசையில் கிட்டார் மற்ற வாத்தியங்களைக் கிழித்துக்கொண்டு முன்னே வருவதற்கு இந்த மேடு ஒரு முக்கியக் காரணம்.

வீட்டு ஹைஃபை செட்டுக்கு இப்படி ஒரு ஸ்பீக்கரைப் போட்டால் குறை என்போம். கிட்டாருக்கு அதுவே குரல். 1950களிலும் 60களிலும் கிடைத்த ஸ்பீக்கர்களைத்தான் ஆம்ப் செய்தவர்கள் பெட்டியில் பொருத்தினார்கள். இசைக்கலைஞர்கள் அவற்றை அளவுக்கு மீறி முடுக்கினார்கள். அப்போது வந்த ஒலியைக் கேட்டு வளர்ந்த காதுகள், கிட்டார் என்றால் இதுதான் என்று முடிவு செய்துவிட்டன. லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையிலிருந்து வந்த, நான்கு ஸ்பீக்கர் வைத்த பெட்டி அந்தக் காதுகளுக்கு அளவுகோலாகவே ஆகிவிட்டது. அதன் இன்றைய வாரிசு சுமார் 36 கிலோ எடை. ஆம்ப் தனி.

பெட்டியோடு விஷயம் முடியவும் இல்லை. இசைத்தட்டில் நாம் கேட்பது பெட்டியை அல்ல, பெட்டிக்கு முன்னால் வைத்த மைக்கை. பெரும்பாலும் அது 1965இல் வந்த ஷூர் எஸ்.எம்.57. அதைக் கூம்பின் நடுவில் இருக்கும் மூடிக்கு நேராக வைத்தால் டிரெபிள் தூக்கலாக வரும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஓரமாக நகர்த்தினால் ஒலி கனிந்துவிடும். பின்னால் இழுத்தால் பேஸ் மெலியும். இரண்டு மைக் வைத்து, ஒன்று மற்றதைவிட 10 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் ஒலி அதை 0.29 மில்லிவிநாடி தாமதமாக அடையும்; இரண்டையும் கலக்கும்போது 1700 ஹெர்ட்ஸ் அருகே அலைகள் ஒன்றையொன்று அழித்து, ஒலியில் பள்ளம் விழும். ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒரு மைக்கின் இடத்துக்காகக் காலைப்பொழுதே போய்விடுவது இதனால்தான்.

கேபினெட் சிமுலேஷன், சுருக்கமாகக் கேப் சிம், இந்த மொத்தத்தையும், அதாவது ஸ்பீக்கரையும் பெட்டியையும் மைக்கையும் மைக் இருந்த இடத்தையும், ஒரே அடியில் பிடித்துவைக்கும் வழி.

தொடக்கத்தில் இதை மின்சுற்றால் போலி செய்து பார்த்தார்கள். பாஸ்டன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் டாம் ஷோல்ஸ், எம்.ஐ.டி.யில் இயந்திரவியல் படித்தவர். போலராய்ட் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். அவர் 1982இல் கொண்டுவந்த ராக்மேன், இடுப்பில் மாட்டிக்கொண்டு ஹெட்ஃபோனில் கேட்கும் சிறு பெட்டி. டெஃப் லெப்பர்ட் குழு 1987இல் வெளியிட்ட ஹிஸ்டீரியா தொகுப்பின் கிட்டார் ஒலியில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 1989இல் ஆண்ட்ரூ பார்ட்டா சான்ஸ்ஆம்ப் செய்தார். 1998இல் லைன் 6 நிறுவனத்தின் பாட், பல ஆம்புகளையும் பெட்டிகளையும் ஒரே டிஜிட்டல் கருவிக்குள் கொண்டுவந்தது. ராக்மேனும் சான்ஸ்ஆம்பும் பெட்டியின் ஒலியைக் காதால் கேட்டு, அதற்கு நெருக்கமாக ஒரு வடிகட்டியை அமைத்தவை. கைதேர்ந்த வேலைதான். ஆனாலும் உண்மைப் பெட்டியின் ஒலிவரைபடத்தில் இருக்கும் நூற்றுக்கணக்கான சிறு மேடுபள்ளங்களை நாலைந்து மின்தேக்கிகளால் வரைய முடியாது.

அடுத்து வந்த வழி, போலி செய்வதை விட்டுவிட்டுப் பெட்டியையே கேட்பது. நம் வீட்டில் பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்க்கிறோம். ஒரே ஒரு சிறிய தட்டு. வரும் ஓசையில் சுட்ட பதமும் கீறலும் தெரிந்துவிடுகின்றன. தட்டு என்பது எல்லா அதிர்வெண்களும் ஒரே நேரத்தில் அடங்கிய ஒலி. பானை தனக்கு ஏற்றதைப் பெருக்கி, ஏற்காததைக் கொன்று, மீதியைத் திருப்பித் தருகிறது. ஸ்பீக்கர் பெட்டிக்கும் இதே சோதனைதான். மிக மிகக் குறுகிய ஒரு மின்துடிப்பை அதில் செலுத்தி, மைக்கில் வருவதைப் பதிவு செய்தால் கிடைப்பது அதன் துடிப்பு மறுமொழி. இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்ற ஆங்கிலப் பெயரைச் சுருக்கிக் கிட்டார்காரர்கள் ஐ.ஆர். என்கிறார்கள்.

ஒரே ஒரு துடிப்புக்கான பதில் தெரிந்தால் எந்தப் பாட்டுக்கும் பதில் தெரிந்துவிடுமா? தெரிந்துவிடும். டிஜிட்டல் ஒலி என்பதே அடுத்தடுத்து வரும் துடிப்புகளின் வரிசை. விநாடிக்கு 48,000 துடிப்புகள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். பெட்டியின் மறுமொழி 1, 0.5, 0.25 என்று மூன்றே எண்கள் என வைத்துக்கொள்வோம். கிட்டாரிலிருந்து 2 என்ற துடிப்பும், அதையடுத்து 1 என்ற துடிப்பும் வருகின்றன. முதல் துடிப்பு 2, 1, 0.5 என்ற வாலை விட்டுச் செல்லும். இரண்டாவது ஓர் அடி தள்ளித் தொடங்கி 1, 0.5, 0.25 என்ற வாலை விடும். இரண்டையும் இடம் பார்த்துக் கூட்டினால் 2, 2, 1, 0.25. பெட்டியிலிருந்து வரப்போவது இதுதான். கன்வல்யூஷன் என்று பொறியியல் மாணவர்களை மிரட்டும் கணக்கு மொத்தமும் இவ்வளவே: ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு வால், எல்லா வால்களின் கூட்டல்.

பெருக்கல்கள்தாம் மலைக்க வைக்கும். கிட்டார் பெட்டியின் வாலில் காதுக்கு முக்கியமானதெல்லாம் சில பத்து மில்லிவிநாடிகளுக்குள் முடிந்துவிடும். ஆம்பையும் பெட்டியையும் டிஜிட்டலாகப் போலி செய்யும் மாடலர்கள் பலவும் 2048 எண்கள் வரை எடுத்துக்கொள்கின்றன, அதாவது 43 மில்லிவிநாடி. 48,000ஐ 2048ஆல் பெருக்கினால் விநாடிக்கு 9.8 கோடிப் பெருக்கல். 1965இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட விரைவு ஃபூரியர் முறை இதைப் பலமடங்கு குறைத்தது. ஆனால் அது ஒலியைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துவைத்து வேலை செய்யும் முறை என்பதால் தாமதம் ஏற்படும். கம்பியை மீட்டும் விரல் அந்தத் தாமதத்தை உடனே உணர்ந்துவிடும். 1995இல் வில்லியம் கார்ட்னர் காட்டிய வழி, வாலின் தொடக்கத்தை நேராகப் பெருக்கி, பிற்பகுதியை மட்டும் பெரிய கட்டுகளாகக் கணக்கிடுவது. தாமதம் போயிற்று. இன்று நம் பையில் இருக்கும் கைபேசியே இந்தக் கணக்கைச் சிரமமில்லாமல் செய்யும்.

அளவெடுக்கும்போது யாரும் உண்மையில் தட்டுவதில்லை. தட்டில் ஆற்றல் குறைவு. அறையின் இரைச்சல் அதை மூழ்கடித்துவிடும். பதிலாக, 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20,000 ஹெர்ட்ஸ் வரை சீராக ஏறிச் செல்லும் ஒற்றைச் சுரத்தைப் பல விநாடிகள் ஒலிக்கவிடுகிறார்கள். பிறகு கணிதத்தால் அந்த ஏற்றத்தைச் சுருக்கி ஒரே துடிப்பாக்குகிறார்கள். இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆஞ்செலோ ஃபாரினா 2000ஆம் ஆண்டு பாரிஸ் மாநாட்டில் விளக்கிய முறையில் இன்னொரு நயம் உண்டு. ஏற்றம் மடக்கை அளவில் அமைந்திருப்பதால், ஸ்பீக்கர் தானாகச் சேர்க்கும் திரிபுகள் உண்மையான மறுமொழிக்கு முன்னால் தனித்தனித் துண்டுகளாக ஒதுங்கி விழுகின்றன. தேவையானதை வெட்டி எடுத்துக்கொள்ளலாம்; திரிபையும் தனியே பார்க்கலாம்.

இங்கே ஐ.ஆரின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். வால்களைக் கூட்டும் கணக்கு நிற்பது முக்கியமாக ஒரு நம்பிக்கையின் மேல்: உள்ளே இருமடங்கு போனால் வெளியே சரியாக இருமடங்கு வரும். ஸ்பீக்கர் மிதமான ஒலியில் இதற்குப் பெருமளவு கட்டுப்படும். முழு ஒலியில் சுருள் சூடாகும், கூம்பு தன் எல்லையை முட்டும், கணக்கு மாறிவிடும். ஆம்ப் இதற்குக் கட்டுப்படுவதே இல்லை, அலையின் தலையைச் சீவுவதுதானே அதன் தொழில். அதனால் ஆம்புக்கு வேறு வழிகள் தேவைப்பட்டன. 2011இல் அறிமுகமான கெம்பர் என்ற கருவி, ஆம்புக்குள் சோதனை ஒலிகளை அனுப்பி அதன் நடத்தையைப் படித்தது. ஸ்டீவன் அட்கின்சன் எழுதித் திறந்த மூலமாக வெளியிட்ட நியூரல் ஆம்ப் மாடலர், நரம்பு வலைப்பின்னலுக்கு ஆம்பின் போக்கைக் கற்றுக்கொடுக்கிறது. அது இலவசம். ஒரு சாதாரண மடிக்கணினியும் ஆடியோ இண்டர்ஃபேஸும் இருந்தால் பழவேற்காட்டில் இருக்கும் இளைஞருக்கும் லண்டனில் இருப்பவருக்கும் கருவியில் வேற்றுமை இல்லை. இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வால்வ் ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெட்டியைக் கழற்றிவிட்டு ஐ.ஆர். மட்டும் போதும் என்று ஆம்பை முடுக்கக் கூடாது. வால்வ் ஆம்பின் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிரே சுமை இல்லையென்றால் உயர் மின்னழுத்தம் திரும்பிப் பாய்ந்து டிரான்ஸ்ஃபார்மரும் வால்வும் கெடலாம். ஸ்பீக்கர் இருந்த இடத்தில், அதைப் போலச் சுமை தரும் லோடு பாக்ஸ் இருந்தே ஆகவேண்டும். அதிலும் 8 ஓம் என்று எழுதிய வெறும் மின்தடை போதாது. 8 ஓம் ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக இருப்பதில்லை. தன் இயற்கை அதிர்வான 75 ஹெர்ட்ஸ் அருகே அதன் எதிர்ப்பு பல மடங்கு உயரும்; டிரெபிள் பக்கம் மறுபடியும் ஏறும். வால்வ் ஆம்ப் அந்த ஏற்ற இறக்கத்தை உணர்ந்து தன் ஒலியை மாற்றிக்கொள்கிறது. அதைப் போலி செய்யும் லோடு பாக்ஸைப் போட்டால்தான் பேஸில் அந்த அழுத்தம் கிடைக்கும்.

மேடையில் அடிக்கடி நடக்கும் கோளாறு வேறு. மாடலரில் கேப் சிம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை உண்மையான கிட்டார் பெட்டியில் செருகுவது. ஒரு பெட்டி வெட்டிய டிரெபிளை இன்னொரு பெட்டி மறுபடி வெட்டும். கிட்டார் போர்வைக்குள் போய்விடும். கிட்டார் பெட்டி என்றால் கேப் சிம்மை அணைக்க வேண்டும். மிக்ஸருக்கும் மைக்செட்டுக்கும் போவதென்றால் கட்டாயம் போட வேண்டும். பிறகு 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 6000 முதல் 8000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் கொஞ்சம் சீவிவிட்டால் பாடகருக்கும் தாளத்துக்கும் இடம் கிடைக்கும்.

மைக்செட்டுக்குப் போவது என்றேன். குப்பத்தில் அந்த மைக்செட் எது? கோட்டைக்குப்பமோ கூனங்குப்பமோ, ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது தெருவில் பாடுவது பல காலமாகக் குழாய் ஸ்பீக்கர்தான். கம்பத்திலோ பனைமரத்திலோ கட்டிய அலுமினியக் கூம்பு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் தேர்தலுக்கும் அதே கூம்பு. விடுதலைப் போராட்டக் காலக் கூட்டங்களில் சிகாகோ ரேடியோ என்ற பெயர் தாங்கிய ஒலிபெருக்கிகள் தலைவர்களின் குரலைக் கொண்டுசென்றன. 1940இல் தொடங்கிய டில்லியின் அஹூஜா நிறுவனத்தின் பெயரைக் கூம்பிலும் ஆம்பிலும் பார்க்காத தமிழ்க் கிராமம் அரிது. கிட்டார்காரர்கள் மார்ஷல் பெட்டிக்குக் கொடுக்கும் மரியாதையை இந்தக் கூம்புக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

அதன் இயக்கத்தைப் பாருங்கள். பின்னால் திருகியிருக்கும் யூனிட்டுக்குள் சில அங்குல அகலமே உள்ள மெல்லிய சவ்வு அதிர்கிறது. அதன் எதிரே மிகக் குறுகலான வாய். அங்கே காற்று அழுத்தப்பட்டு, மடித்துவைத்த பாதையில் முன்னும் பின்னும் ஓடி, படிப்படியாக அகன்று வெளியே வருகிறது. சிறு சவ்வின் வேகத்தைப் பெருங்காற்றின் அசைவாக மாற்றித் தருவது இந்த வடிவம். அதனால்தான் ஒரு பழைய ஆம்பின் சில பத்து வாட்டில் ஊர் முழுக்கக் கேட்கிறது. காகிதக் கூம்பு ஸ்பீக்கரால் அதே வாட்டில் அவ்வளவு தூரம் எட்ட முடியாது. விலையும் உண்டு. கூம்பின் வாய் அளவுக்கு மீறிய நீளமுள்ள அலைகளை அது வெளியே விடாது. சாதாரணக் குழாய் ஸ்பீக்கரில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி வேகமாகச் சரியும். மேலே 5000, 6000 ஹெர்ட்ஸோடு முடியும். நடுவில் உலோகப் பாதையின் அதிர்வுகள் கூரிய மேடுகளாக நிற்கும். அந்த மேடுகள்தாம் நம் ஊர்த் திருவிழாவின் குரல்.

இங்கே மனித மூளை செய்யும் ஒரு வேலை என்னை எப்போதும் வியக்க வைக்கிறது. பேஸ் கிட்டாரின் இரண்டாம் ஸ்தாயியிலோ கிட்டாரின் தடித்த கம்பியிலோ வரும் 82 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தைக் கூம்பால் ஒலிக்கவே முடியாது. அதன் மேல்சுரங்களான 165, 247 ஆகியவையும் பெரும்பாலும் போய்விடும். 330, 412, 494 என்று மேலே இருப்பவை வருகின்றன. அவற்றுக்கு இடையிலான சம இடைவெளி 82 என்பதைக் கேட்பவரின் மூளை கண்டுபிடித்து, இல்லாத ஸ்வரத்தை இருப்பதாகவே கேட்கிறது. பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் கடத்தாதபோதும் அப்பாவின் கனத்த குரல் கனமாகவே கேட்டது இதனால்தான். இளையராஜாவின் பேஸ் வரிகளைக் கூம்பில் கேட்டு, மனப்பாடமாக முணுமுணுத்த தலைமுறை ஒன்று இந்தக் கரைகளில் இருக்கிறது. அந்த வரிகளின் அடிநாதம் அவர்கள் காதுக்கு வரவே இல்லை. அவர்கள் தங்களுக்குள்ளேயே அதைக் கட்டிக்கொண்டார்கள்.

ஒலிபெருக்கி வாத்தியத்தின் பகுதி என்பது நம் கச்சேரி உலகத்துக்கும் புதிதல்ல. யு. ஸ்ரீநிவாஸ் ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட மின்மாண்டலினில் கர்நாடக இசையின் கமகங்களை எழுப்பினார். திண்ணமான மரத்தால் ஆன அந்தச் சிறு கருவிக்குத் தனக்கென்று பெரிய ஒலிக்கூடு இல்லை. சபையில் ரசிகர்கள் கேட்டது ஆம்பும் ஸ்பீக்கரும் சேர்ந்து தந்த குரலைத்தான். 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை கண்ட தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய குழு. கானாவையும் பறையையும் எலக்ட்ரிக் கிட்டாரையும் ஒரே மேடையில் நிறுத்தியது. கானா பிறந்த வடசென்னைத் தெருக்களுக்கும் எண்ணூர் தாண்டிப் பழவேற்காடு வரையான குப்பங்களுக்கும் பொதுவான ஒலிச்சூழல் ஒன்று உண்டு. அதில் இந்த உலோகக் கூம்புக்குப் பெரிய இடம். அந்த இசையை இன்று பதிவு செய்யும் கிட்டார் கலைஞர் ஐ.ஆர். தொகுப்பைத் திறந்தால் அங்கே இருப்பவை பெரும்பாலும் பிரிட்டனின், அமெரிக்காவின் பெட்டிகள். தன் தெருவின் பெட்டி அங்கே இல்லை.

கூம்பும் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன; கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்குக் காவல்துறை பல இடங்களில் அனுமதி தருவதில்லை. விதி நியாயமானது. விடியுமுன் கடலுக்குப் போகிறவர் தூங்க வேண்டும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை படிக்க வேண்டும். திருவிழாக்களுக்கு இப்போது கனத்த பேஸ் பெட்டிகள் வேனில் வந்து இறங்குகின்றன. கூம்பு மறுபடி தெருவை ஆள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதன் ஒலி அழிவதற்கு முன் அளந்து வைக்க வேண்டும் என்கிறேன். அதற்கு ஊரை எழுப்பும் சத்தம் தேவையில்லை.

வேலை கடினமானதும் அல்ல. மடிக்கணினி, ஆடியோ இண்டர்ஃபேஸ், எல்லா அதிர்வெண்ணையும் சமமாகக் கேட்கும் ஓர் அளவீட்டு மைக், ஏற்றச் சுரத்தை உருவாக்கிப் பகுப்பாயும் இலவச மென்பொருள் ஒன்று, அவ்வளவுதான். கூம்பை அது வழக்கமாகத் தொங்கும் உயரத்திலேயே கட்ட வேண்டும். தரையில் வைத்தால் தரையின் எதிரொலி சேர்ந்து பதிவாகும். மைக் ஒரு மீட்டர் தூரத்தில், கூம்பின் அச்சுக்கு நேராக. அடுத்து 30 டிகிரி ஓரமாக ஒன்று, ஏனென்றால் தெருவில் பெரும்பாலானோர் கூம்பை ஓரத்திலிருந்துதான் கேட்கிறார்கள். ஏற்றச் சுரம் 300 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே தொடங்கினால் போதும்; 20 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்கிச் சத்தமாக விட்டால் காற்றின் சுமை இல்லாத சவ்வு கிழியலாம். ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு மின்வாரிய மின்சாரத்திலோ பேட்டரியிலோ ஓட்ட வேண்டும். தாழ்ந்த ஒலியில் ஒரு பதிவு, திருவிழா ஒலியில் குறுகிய ஒரு பதிவு. இரண்டாவதில் ஃபாரினா முறை ஒதுக்கித் தரும் திரிபுத் துண்டுகளையும் எறியாமல் வைத்துக்கொள்ள வேண்டும். கூம்பின் கரகரப்பில் பாதி அங்கேதான் இருக்கிறது.

தூரத்துக் கூம்பையும் பிடிக்க ஆசை வரும். ஏரியின் மறுகரையிலிருந்து வரும் பாட்டுக்குத் தனி அழகு உண்டு. அங்கே காற்று விளையாட்டுக் காட்டும். பிற்பகலில் கடற்காற்று வீசும்போது, காற்றோடு போகும் ஒலி தரையை நோக்கி வளைந்து வெகுதூரம் எட்டும். எதிர்க்காற்றில் மேல்நோக்கி வளைந்து, சில நூறு மீட்டரிலேயே கேட்பவரின் தலைக்கு மேல் போய்விடும். ஏற்றச் சுரம் ஓடும் பத்து விநாடிக்குள்ளேயே காற்று மாறினால், வால்களைக் கூட்டும் கணக்கு உடைந்துவிடும். பல பதிவுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் டிரெபிள் கரைந்துபோகும். காற்று ஓய்ந்த நேரம் பார்த்து, கூம்பிலிருந்து 200, 300 மீட்டருக்குள் எடுக்கும் ஒற்றைப் பதிவே நம்பத்தக்கது.

கிடைக்கும் கோப்பு சில நூறு கிலோபைட்டைத் தாண்டாது. அதை எந்த மாடலரிலும் மார்ஷல் பெட்டி இருக்கும் இடத்தில் ஏற்றிக் கிட்டாரை மீட்டலாம். தனியாகக் கேட்டால் ஒல்லியாக இருக்கும். பறையும் பேஸும் கீழே ஓடும்போது 500க்கும் 4000க்கும் இடையில் அந்தக் கிட்டார் யாருக்கும் வழிவிடாமல் நிற்கும். கிரீன்பேக்கோடு பாதிக்குப் பாதி கலக்கலாம், இரண்டின் தொடக்கத்தையும் ஒரே புள்ளியில் நிறுத்தினால் மைக் இடைவெளியில் வரும் பள்ளம் விழாது. பாடகரின் குரலுக்கும், கோரஸுக்கும், தவிலுக்கும்கூட இதே கோப்பு வேலை செய்யும்.

கோப்பின் பெயரில் ஊர், கூம்பின் அளவு, யூனிட்டின் வாட், மைக்கின் தூரம், பதிவான நாள் எல்லாம் இருக்க வேண்டும். எந்தக் கூம்பை எடுப்பது என்பதை மைக்செட்காரரிடமே கேளுங்கள். உப்புக்காற்றில் எது எத்தனை ஆண்டு தொங்கியது, எதில் சவ்வு மாற்றியது, எதைக் கட்டினால் அடுத்த குப்பம் வரை தெளிவாகக் கேட்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் சம்மதித்தால் அவர் பெயரையும் கோப்பில் சேருங்கள். கோப்பை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுங்கள்.